கை வந்தது, கால் வரவில்லை: வி.ஆர். கருவியில் டேபிள் டென்னிஸ் பழகிய அனுபவம்

டேபிள் டென்னிஸ் பழகத் தொடங்கும் ஒருவருக்கு எளிதில் கிடைக்காதது பந்துதான். கடையில் டஜன் கணக்கில் வாங்கலாம். ஆனால் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், எத்தனை முறை தவறவிட்டாலும் முகம் சுளிக்காமல் மறுபடியும் மறுபடியும் நம்மை நோக்கி வரும் பந்து எந்தக் கடையிலும் கிடைக்காது. எங்கள் அலுவலக ரிக்ரியேஷன் கிளப்பில் இருப்பது ஒரே மேசை. மதிய உணவு இடைவேளையில் அதைச் சுற்றி நன்றாக ஆடும் ஆறேழு பேர் வரிசையில் நிற்பார்கள். புதியவரோடு ஆட அவர்களுக்கு நேரம் இருக்காது. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கும் கிடைப்பது அந்த அரை மணி நேரம்தான். புதியவர் ஆடினால் முதல் பந்து வலையில், இரண்டாவது பந்து பீரோவுக்கு அடியில். மீதி நேரம் குனிந்து தேடுவதில் கழிந்துவிடும்.

நாற்பது வயதுக்கு மேல் மட்டையைக் கையில் எடுத்த எனக்கு இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்த்து வைத்தது, நிஜம்போன்ற மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் ஒரு வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) கருவி. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது தலையில் மாட்டிக்கொள்ளும் தன்னுடைய மெட்டா குவெஸ்ட் 2 ஹெட்செட்டை என்னிடம் விட்டுப்போனான். அதில் ‘இலெவன் டேபிள் டென்னிஸ்’ என்ற விளையாட்டு இருந்தது. 2016இல் வெளிவந்த இந்த விளையாட்டில் வேடிக்கை அலங்காரங்கள் குறைவு. 2.74 மீட்டர் நீளமும் 1.525 மீட்டர் அகலமும் 76 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மேசை, அதன் நடுவில் 15.25 சென்டிமீட்டர் உயர வலை, ஒரு பந்து, ஒரு மட்டை. பந்தின் சுழற்சி, மேசையில் பட்டு எழும் விதம், மட்டையின் கோணத்துக்கு ஏற்ப அது திரும்பும் திசை எல்லாவற்றையும் நிஜத்துக்கு மிக நெருக்கமாகக் கணித்துக் காட்டுகிறார்கள். இரவு உணவு முடிந்து வீடு அடங்கிய பிறகு, ஹாலில் சோபாவை ஓரம் தள்ளிவிட்டு நான் பழகத் தொடங்கினேன்.

இப்படிப் பழகியது நிஜ மேசையில் உதவுமா என்று கேட்பவர்கள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் பதிலை எதிர்பார்க்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. மட்டை பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிக்கும் ஒரு ஃபோர்ஹேண்ட் அடியில் பந்தைப் பார்ப்பது, அது எங்கே எப்போது வரும் என்று முன்கூட்டியே உணர்வது, கால்களை அங்கே கொண்டுபோவது, இடுப்பைத் திருப்புவது, மட்டையின் கோணத்தை அமைப்பது, பந்தைத் தொடும் கணத்தில் விரல்களில் உணர்வது என்று பல திறமைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இவற்றில் சிலவற்றை வி.ஆர். அருமையாகக் கற்றுக்கொடுக்கிறது. சிலவற்றை அது தொடுவதே இல்லை. எது எதில் சேரும் என்று தெரிந்துகொண்டு பழகினால் இந்தக் கருவி பொன்னான துணை.

எனக்கு முதலில் வந்தது கண். நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வரும் பந்து மேசையின் நீளத்தை ஏறத்தாழ கால் நொடியில் கடந்துவிடும். அது நம் பக்கம் வந்து குதித்த பிறகு யோசிப்பதற்கு நேரமே இல்லை. எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் கணத்தைப் பார்த்து, அங்கேயே முடிவெடுத்தாக வேண்டும். இதைக் கோச் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. நூற்றுக்கணக்கான பந்துகள் கண் முன்னால் கடந்து போனால்தான் கண் தானாகக் கற்றுக்கொள்ளும். வி.ஆரில் பந்து பொறுக்கும் வேலை இல்லை என்பதால், கிளப்பில் ஒரு வாரத்தில் சந்திக்கும் பந்துகளை ஹாலில் ஒரே இரவில் சந்தித்துவிடலாம்.

பந்து பின்னோக்கிச் சுழன்றபடி வரும் பேக்ஸ்பின் சர்வீஸை எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்களை அழவைக்கும் பந்து இது. எதிராளி மட்டையைத் திறந்து, அதாவது அதன் முகத்தை மேல்நோக்கிச் சாய்த்து, பந்தின் அடிப்பகுதியைக் கீறிவிடுவார். பார்ப்பதற்கு மெதுவாக, அப்பாவியாக வரும். சாதாரணப் பந்துபோல மட்டையை நேராக நீட்டினால் வலையின் அடியில் போய் விழும். விளையாட்டில் இருக்கும் பந்து வீசும் இயந்திரத்தைக் கனமான பேக்ஸ்பினுக்கு அமைத்து, அதையே தொடர்ந்து வரவைத்தேன். முதலில் மட்டையைக் கொஞ்சம் திறந்தேன், வலை. இன்னும் கொஞ்சம், வலையின் மேல் விளிம்பு. இன்னும் சற்றுத் திறந்து, அடிக்காமல் பந்துக்கு அடியில் மட்டையை முன்னோக்கி நகர்த்தியபோது பந்து வலையை ஒட்டித் தாண்டி எதிர்ப்பக்கம் தாழ்வாக விழுந்தது. பிறகு சுழற்சியைப் பாதியாகக் குறைத்தேன். அதே கோணத்தில் வைத்த மட்டை பந்தைக் கூரைக்குத் தூக்கிவிட்டது. எவ்வளவு சுழற்சிக்கு எவ்வளவு கோணம் என்ற இந்தக் கணக்கை மணிக்கட்டு கற்றுக்கொள்ள, மற்ற எல்லாம் மாறாமல் இருந்து சுழற்சி ஒன்று மட்டும் மாற வேண்டும். மனிதர் யாராலும் அப்படிப் பந்து கொடுக்க முடியாது. இயந்திரத்தால் முடியும். சில மாதங்களில் கிளப் மேசையில் பேக்ஸ்பின் சர்வீஸை இப்படித் தள்ளி (புஷ் செய்து) திருப்பி அனுப்ப ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் ‘யாரிடம் பயிற்சிக்குப் போகிறீர்கள்?’ என்று கேட்டார்கள்.

அதன் பிறகுதான் ஊரில் மாலை நேரப் பயிற்சி நடக்கும் ஓர் இடத்தில் சேர்ந்தேன். கோச் இளைஞர், என்னைவிட இருபது வயதாவது சிறியவர். கூடையில் பந்துகளை வைத்துக்கொண்டு என் ஃபோர்ஹேண்டுக்கு ஒரே இடத்தில் அனுப்பினார். எல்லாவற்றையும் ஒழுங்காகத் திருப்பினேன். பிறகு பந்தை ஒரு முழம் வலப்பக்கம் தள்ளிப் போட்டார். நான் நின்ற இடத்திலேயே கையை நீட்டினேன். இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டார். உடல் சாய்ந்ததே தவிர பாதம் நகரவில்லை. அவர் பந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “மேடம், உங்கள் கை வந்துவிட்டது. கால் இன்னும் வரவில்லை.”

அந்த ஒரு வாக்கியம் இந்தக் கருவியின் எல்லையை எனக்குக் காட்டிவிட்டது. ஹெட்செட் நம் தலையை அளக்கிறது, கைகளில் பிடித்திருக்கும் இரண்டு கன்ட்ரோலர்களை அளக்கிறது. பாதங்கள் எங்கே இருக்கின்றன, எடை எந்தக் காலில் இருக்கிறது, முழங்கால் மடிந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. கட்டைபோல விறைப்பாக நின்றபடி கையை மட்டும் சரியாக வீசினாலும் பந்து அழகாகப் போகும். எது பலன் தருகிறதோ அதைத்தான் உடல் கற்றுக்கொள்ளும். கால் அசையாமலே பலன் கிடைத்தால் கால் ஏன் அசைய வேண்டும்? கூடவே, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஹாலில் மேசையை விட்டுப் பின்னால் போகவும் இடமில்லை. நிஜ ஆட்டத்தில் எதிராளி பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டு வேகமாக டாப்ஸ்பின் அடித்தால் நாம் ஓரடி, இரண்டடி பின்வாங்க வேண்டியிருக்கும். வீட்டில் அப்படிப் பின்வாங்கினால் ஷோகேஸ் கண்ணாடியில்தான் முதுகு இடிக்கும்.

இதற்கு நான் கண்ட தீர்வுகளைச் சொல்கிறேன். வெறுங்காலுடன் டைல்ஸ் தரையில் ஆடுவதை விட்டுவிட்டு, கிளப்பில் அணியும் அதே ஷூவை வீட்டிலும் அணிந்தேன். ஷூ போட்டதும் கால் தன் வேலையை நினைத்துக்கொள்கிறது. டைல்ஸில் வழுக்குமோ என்ற பயமும் போகிறது. பந்து வீசும் இயந்திரத்தை எப்போதும் இரண்டு இடங்களுக்கு மாற்றி மாற்றிப் போடுமாறு அமைத்தேன். மேசையின் அகலம் ஒன்றரை மீட்டர்தான் என்பதால் பக்கவாட்டில் நகர்ந்து பழக ஹாலே போதும். கையை நீட்டினால் எட்டும் என்று தெரிந்தாலும், கால் நகர்ந்து சேராத பந்தை அடிக்காமல் விட்டுவிடுவேன். கருவி கண்காணிக்காததை நாம்தான் கண்காணிக்க வேண்டும். மகளிடம் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். முழங்கால் மடிந்திருக்கிறதா, குதிகால் தரையில் ஒட்டிக்கிடக்கிறதா என்பது அதில் உடனே தெரிந்துவிடும். வி.ஆரில் எந்த உடல் அசைவைப் பழகுபவரும், அது நடனமானாலும் குத்துச்சண்டையானாலும், இந்த வெளி வீடியோவைத் தவிர்க்கவே கூடாது என்பேன்.

பின்வாங்கும் ஆட்டத்துக்கு வீட்டில் வழியே இல்லை. அதை மேசையில்தான் கற்க வேண்டும்.

சர்வீஸும் அப்படித்தான். விதிப்படி பந்தை விரித்த உள்ளங்கையில் வைத்து, ஏறத்தாழ நேர் செங்குத்தாக, குறைந்தது 16 சென்டிமீட்டராவது மேலே எறிய வேண்டும். இடது கையில் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும்போது உள்ளங்கை விரியாது. பொத்தானை விட்டுத்தான் பந்தை விடுவிக்க முடியும். 2.7 கிராம் எடையுள்ள பந்து உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும் உணர்வும், அது எழும்போது கை கொடுக்கும் மிகச் சிறிய உந்துதலும் இதில் கிடையாது. அதனால் சர்வீஸை நான் வி.ஆரில் பழகுவதே இல்லை. அதற்குக் கருவியும் தேவையில்லை, துணையும் தேவையில்லை. ஒரு டப்பா பந்து வாங்கிவைத்துக்கொண்டு ஆளில்லாத மேசையில் தனியாகப் போட்டுப் பழகலாம். மேசை கிடைக்காத நாளில் வீட்டில் நின்றபடி பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதே நல்ல பயிற்சி.

பந்தைத் தேய்த்து எடுக்கும் டாப்ஸ்பின் அடியில்தான் எனக்கு மிகுந்த வியப்பு. வி.ஆரில் அதன் அசைவு முழுவதும் வந்துவிட்டது. மட்டை கீழிருந்து தொடங்குவது, முன்னும் மேலுமாக ஏறுவது, நெற்றி அருகே முடிவது எல்லாம் சரி. ஆனால் நிஜ மேசையில் பந்து ரப்பரில் பட்டுத் தட்டையாகத் தெறித்தது. கன்ட்ரோலர் கொடுப்பது ஓர் அதிர்வு மட்டுமே. தட்டினாலும் தேய்த்தாலும் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நிஜ மட்டையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆள்காட்டி விரலில் பளிச்சென்று தெரியும். தீக்குச்சியைப் பெட்டியில் உரசுவதுபோல என்று கோச் சொன்னார். அழுத்தினால் குச்சி முறியும், ஒட்டியும் ஒட்டாமலும் போனால் பற்றாது. அவரிடம் அச்சில் சுழலும் ஒரு சிறிய சக்கரம் உண்டு. அதை மேசை விளிம்பில் பொருத்தி மட்டையால் தேய்த்துச் சுழற்றச் சொல்வார். சில மாலைகள் அந்தச் சக்கரத்தோடு கழிந்த பிறகு டாப்ஸ்பின் பிடிபட்டது. அசைவின் வடிவத்தை ஹாலிலும் தொடுதலின் அளவைச் சக்கரத்திலும் கற்றேன். இரண்டும் சேர்ந்தபோது, கையை எப்படி வீசுவது என்று புதிதாகக் கற்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

கருவியை அமைக்கும் விதத்தில் பெரும்பாலோர் கவனம் செலுத்துவதில்லை. எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது இதுதான். கன்ட்ரோலரின் பிடி மட்டையின் பிடிபோல இருக்காது. வெறும் கன்ட்ரோலரோடு பழகினால் கை தவறான பிடிக்குப் பழகிவிடும். மட்டைப் பிடியின் வடிவில் துணைப்பிடிகளை 3டி பிரிண்ட் செய்து விற்கிறார்கள். அதில் கன்ட்ரோலரைப் பொருத்திக்கொள்ளலாம். அதை வாங்கிய பிறகு மெய்நிகர் மட்டையின் கோணத்தையும் இடத்தையும் விளையாட்டின் அமைப்பில் திருத்த வேண்டும். நான் பின்பற்றும் சோதனை இது. கண்ணை மூடிக்கொண்டு, மட்டையின் முகம் தரைக்குச் செங்குத்தாக இருப்பதாகக் கை சொல்லும் நிலையில் பிடிக்க வேண்டும். கண்ணைத் திறந்து, ஹெட்செட்டுக்குள் தெரியும் மட்டையும் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்து தெரிந்தால் அமைப்பைத் திருத்த வேண்டும். கையைத் திருத்தக் கூடாது. பிறகு மட்டையைப் படுக்கை வசத்தில் வைத்து இதையே மறுபடி செய்ய வேண்டும். கண் காண்பதும் கை உணர்வதும் சில பாகை வேறுபட்டாலும், நிஜ மேசைக்குப் போனதும் ஒவ்வொரு பந்தும் வலையிலோ வெளியிலோ விழும். குறை தன் ஆட்டத்தில் இருப்பதாக நினைத்து மனம் தளர்ந்துவிடுவோம். அப்படிக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

பந்து மிக அருகில் வரும்போது ஆழத்தைக் கணிப்பதிலும் கருவிக்கு ஒரு குறை உண்டு. நிஜத்தில் பந்து நெருங்க நெருங்க இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும். கண்ணின் வில்லையும் அதற்கேற்பக் குவியத்தை மாற்றிக்கொள்ளும். ஹெட்செட்டில் திரையின் குவியத் தொலைவு மாறுவதில்லை. எல்லாப் பொருள்களும் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருப்பதாகவே வில்லை எடுத்துக்கொள்கிறது. கண்கள் திரும்புவது ஒரு தொலைவுக்கு, குவிவது வேறொரு தொலைவுக்கு. நீண்ட நேரம் ஆடினால் கண் சோர்ந்துபோவதற்கும், உடலுக்கு மிக அருகில் வரும் பந்துகளில் கணிப்பு தவறுவதற்கும் இது ஒரு காரணம். என் வயதில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு ஹெட்செட்டுக்குள் கை அருகே இருக்கும் பந்தும் துல்லியமாகத் தெரியும். நிஜ மேசையில் அதே பந்து மங்கும். எனவே மட்டை பந்தைத் தொடும் இடத்தை உற்றுப் பார்க்க முயலாமல், பந்து வலையைக் கடந்து குதிக்கும் வரையிலான பாதையை நன்றாகப் பார்த்துவிட்டு மீதியைக் கையிடம் ஒப்படைப்பதே எனக்குச் சரியாக வந்தது.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவியின் கேமராக்கள் சுற்றுப்புறத்தைப் பார்த்துத்தான் கையின் இடத்தை அறிகின்றன. விளக்கு மங்கலாக இருந்தால் மட்டை நடுங்கும். முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி இருந்தால் துணியால் மூடிவிடுவது நல்லது. ஹெட்செட்டின் வில்லைகள் மீது நேர் வெயில் படவே கூடாது, திரை கருகிவிடும். ஜன்னலோர மேசையில் அதை மல்லாக்க வைத்துவிட்டுப் போகாதீர்கள். கையை முதுகுக்குப் பின்னால் வெகுதூரம் கொண்டுபோனால் கேமராவின் பார்வையிலிருந்து மறைந்து அடி பிசகிவிடும். புதியவருக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. அளவுக்கு மீறிக் கையைப் பின்னால் இழுக்கும் பழக்கத்தை இது வளரவிடுவதில்லை.

நம் ஊர் வெக்கையில் முகத்தோடு ஒட்டிக்கிடக்கும் அரைக் கிலோ கருவிக்குள் வியர்வை பெருகும், வில்லைகள் பனிக்கும். துடைக்கக்கூடிய சிலிகோன் உறையைப் போட்டு, எதிரில் ஒரு டேபிள் ஃபேனை வைத்தேன். காற்றுக்காக வைத்த ஃபேன் திசையும் காட்டியது. காற்று முகத்தில் படும்வரை மேசையை நோக்கி நிற்கிறோம், கன்னத்தில் பட்டால் திரும்பிவிட்டோம். காலடியில் ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன் விளிம்பு பாதத்தில் படும்போது நின்றுவிடுவதும் பழக்கமாயிற்று. மணிக்கட்டுப் பட்டையைக் கட்டாமல் ஆடவே கூடாது. இன்னொன்றையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்: அந்த மேசை அங்கே இல்லை. கண்ணுக்கு அவ்வளவு உண்மையாகத் தெரிவதால், பந்தை எட்டப் போகும்போது இடது கையை மேசையில் ஊன்றத் தோன்றும். என்னோடு பணிபுரியும் ஒருவரின் மகன் அப்படி ஊன்றப் போய்த் தரையில் விழுந்து முழங்கை வீங்கிக் கிடந்தான்.

பயிற்சி முறைக்கு வருகிறேன். இயந்திரம் ஒரே மாதிரிப் பந்தை ஓயாமல் தரும் என்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரே பந்தை நூறு முறை அடித்தால் நூறாவது அடி மிக நன்றாக இருக்கும். கற்றுவிட்டோம் என்று தோன்றும். மறுநாள் அது காணாமல் போயிருக்கும். 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த சோதனை உடல் திறன் பயிற்சியில் மிகவும் புகழ்பெற்றது. கை அசைவுகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே தொடர்ந்து பழகியவர்கள், பழகும் நேரத்தில் சிறப்பாகச் செய்தார்கள். அதே அசைவுகளைக் கலந்து, வரிசை மாற்றிப் பழகியவர்கள் பழகும்போது தடுமாறினார்கள். சில நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களிடமே திறமை நன்றாகத் தங்கியிருந்தது. இதைப் படித்த பிறகு, ஒரு புதிய அடியைக் கை பிடித்துக்கொள்ளும்வரை மட்டும் ஒரே பந்தை வைத்துக்கொள்கிறேன். பிடிபட்ட உடனே வேகம், சுழற்சி, இடம் மூன்றையும் கலைத்துவிடுகிறேன். தவறுகள் பெருகும். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். மேசையில் ஆடும்போது யாரும் நமக்கு ஒரே பந்தை இரண்டு முறை தரப்போவதில்லை.

பந்து போன பாதையையும் சுழற்சியின் அளவையும் எண்ணாகவும் கோடாகவும் காட்டும் வசதிகளையும் நான் அளவோடுதான் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு அடிக்கும் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், தன் உடலிலிருந்து வரும் செய்தியைக் கேட்கும் பழக்கம் மங்கிவிடும். நிஜ மேசையில் எண் எதுவும் தெரியாது. பந்து விழும் சத்தமும் விரலில் வரும் உணர்வும்தான் அங்கே வழிகாட்டிகள்.

வி.ஆரில் உடல் திறன் பழகுவதைப் பற்றிய ஆய்வுகளில் டேபிள் டென்னிஸ் ஆய்வாளர்களின் செல்லப்பிள்ளை. 1997இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோடோரோவ், ஷட்மெர், பிட்ஸி ஆகியோர், கணினியில் உருவாக்கிய மெய்நிகர் சூழலில் ஆசிரியரின் மட்டை அசைவைக் காட்டி ஒரு கடினமான டேபிள் டென்னிஸ் அடியைக் கற்பித்தார்கள். அப்படிக் கற்றவர்கள், அதே அளவு நேரம் நேரடிப் பயிற்சி பெற்றவர்களைவிட நிஜ மேசையில் நன்றாகச் செய்தார்கள் என்று எழுதினார்கள். 2019இல் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 57 பேரைக் கொண்டு, நான் பழகிய அதே விளையாட்டை வைத்தே சோதித்தார்கள். வி.ஆரில் பழகியவர்களின் நிஜ ஆட்டம் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருந்தது. இந்த இரண்டாவது முடிவை அளவோடு படிக்க வேண்டும். அதில் ஒப்பிடப்பட்ட மற்ற குழுவினர் எந்தப் பயிற்சியும் பெறாதவர்கள். பழகாமல் இருப்பதைவிட வி.ஆரில் பழகுவது மேல் என்று அது காட்டுகிறது. மேசையில் பழகுவதைவிட மேல் என்று அல்ல. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

எந்தெந்தத் திறமைகளுக்கு வி.ஆர். பொருந்தும் என்று கேட்கும் நண்பர்களிடம் நான் அறுவை சிகிச்சை உதாரணத்தைச் சொல்வேன். 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறு துளை வழியாகப் பித்தப்பையை அகற்றும் சிகிச்சைக்கு வி.ஆரில் பழகியவர்கள் அதை மற்றவர்களைவிட 29 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். தவறுகளும் குறைவாகவே இருந்தன. ஏன் அவ்வளவு நன்றாகப் பலித்தது? அந்தச் சிகிச்சையில் மருத்துவர் ஏற்கெனவே திரையைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். கைக்கும் உறுப்புக்கும் நடுவே நீண்ட கருவி இருக்கிறது. நிஜ வேலையே வி.ஆருக்கு அருகில் இருப்பதால் பயிற்சியில் இழப்பது மிகக் குறைவு. அங்கிருந்து தள்ளிப் போகப் போகப் பலன் தேயும். டேபிள் டென்னிஸ் நடுவில் இருக்கிறது. பந்து மிக இலேசானது என்பதால் மட்டையில் அது கொடுக்கும் எதிர்ப்பு மிகச் சிறியது. அதனால்தான் இந்த விளையாட்டு வி.ஆரில் இவ்வளவு ஒத்துவருகிறது. கிரிக்கெட் பந்து மட்டையில் மோதும் அதிர்ச்சியை எந்தக் கன்ட்ரோலரும் தராது. ஆனால் பந்து வீச்சாளரின் கையைப் பார்த்து லெங்த் கணிக்க அதில் பழகலாம். நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் ஹெட்செட்டை நம்பாதீர்கள். தண்ணீரின் எதிர்ப்பும் உடலின் சமநிலையுமே அங்கே பாடம். ஹாலில் நிற்பவருக்கு அவை இரண்டும் கிடையாது.

இப்போது என் வாரம் இப்படிப் போகிறது. கோச்சிடம் போகும் மாலைகளில் ஹெட்செட்டைத் தொடுவதில்லை. வி.ஆரில் ஆடிய உடனே மேசைக்குப் போனால் மட்டை கனமாகவும் பந்து சற்றுத் தாமதமாக வருவதுபோலவும் தோன்றுகிறது. சிறிது நேரம் பந்தை மட்டையில் தட்டிக்கொண்டிருந்தால்தான் சரியாகிறது. கோச் அன்று சுட்டிய ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரவுகளில் இருபது, முப்பது நிமிடம் பழகுகிறேன். அதற்கு மேல் கண்ணும் கழுத்தும் சோர்ந்துவிடும். சோர்ந்த உடல் தவறான அசைவைத்தான் மனப்பாடம் செய்யும். ‘இந்த வாரம் என்ன மேடம், ஹாலில் எதைப் பழகினீர்கள்?’ என்று கோச்சும் கேட்கத் தொடங்கிவிட்டார். முதலில் இந்தக் கருவியை அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். இப்போது சர்வீஸை எதிர்கொள்ளும் பயிற்சிகளை அவரே எழுதிக் கொடுக்கிறார். கால் வேலை முழுவதையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். இந்தப் பங்கீடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அவரவர் நிலையைப் பொறுத்தது. உங்கள் ஊரில் மேசை இருந்து, கூடை நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொடுக்கும் கோச்சும் இருந்தால், அந்தப் பணத்தைப் பயிற்சிக் கட்டணமாகக் கொடுங்கள், ஹெட்செட் அவசியமில்லை. சிறு பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள். தயாரிப்பாளரே பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறார். அந்த வயதில் ஓடுவதும் குதிப்பதும் வழுக்கி எழுவதுமே கால்களுக்கான பள்ளிக்கூடம். மேசை தொலைவில் இருப்பவர், வேலை முடிந்து வீடு திரும்பவே எட்டு மணி ஆகிறவர், கிளப்பில் தன் முறை வருவதற்குள் இடைவேளை முடிந்துவிடுகிறவர் தாராளமாக வாங்கலாம். ஒரு நல்ல மட்டை, ஷூ, மட்டைப் பிடி, வாரம் ஒரு முறையாவது நேரில் பார்த்துத் திருத்தும் ஒரு கோச், இவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.